இருவர் சுமந்த சிலுவை

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் இயேசு கூறிய உவமையை நாம் அனைவரும் அறிவோம். லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் அது இடம்பெறுகிறது. அதற்குச் சற்று முன்புதான் தாய் தந்தை, மனைவி மக்கள் ஆகியோரைக் குறித்து ஆண்டவர் மொழிந்த கடுமையான சொற்களும் வருகின்றன. இவை இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைச் சிந்தித்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. சீடத்துவத்தின் விலையைச் சீடர் தம் மடியிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுப்பதில்லை. அவருடைய வீட்டு அடுப்பும் அதில் பங்கு செலுத்துகிறது. மறைசாட்சிகளின் வாழ்வைப் பற்றி மறையுரை ஆற்றும்போது, வாள் விழுந்த இடத்தோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அன்று மாலை அவ்வீட்டில் யார் விளக்கேற்றினார் என்று கேட்பதில்லை.

அக்கேள்வியைக் கேட்கத் தூண்டும் வாழ்வு ஒன்று உண்டு. ஆஸ்திரியா நாட்டின் பிரவுனவ் மாவட்டத்தில் ராடகுண்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1907-ஆம் ஆண்டு பிறந்தவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்னும் உழவர். இளமையில் துடுக்கும் துள்ளலுமாகத் திரிந்தவர். ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவரும் அவரே என்பர். 1936-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பிரான்சிஸ்கா என்னும் பக்தியுள்ள பெண்ணைக் கைப்பிடித்தார். திருமணமானதும் இருவரும் உரோமைக்குத் திருப்பயணம் சென்றனர். பின்னர் மூன்று பெண்மக்கள் பிறந்தனர். நாளடைவில் அவர் அன்றாடம் நற்கருணை உட்கொள்பவராகவும், ஊர்க்கோயிலின் கோயில்பிள்ளையாகவும் மாறினார். நம் பங்குகளில் விடியற்காலை மணியடிக்கும் கோயில்பிள்ளைகளைப் போன்ற எளிய மனிதர் அவர்.

1938-ஆம் ஆண்டு இட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்கு ஒப்புதல் கேட்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. அந்த ஊரில் 'இல்லை' என்று வாக்களித்தவர் யேகர்ஸ்டேட்டர் ஒருவரே. போர் மூண்டபின் அவரும் படைப்பயிற்சிக்கு அழைக்கப்பட்டு, சில மாதங்கள் கழித்து ஊர் திரும்பினார். அதன் பிறகு அவருடைய உள்ளம் தெளிந்தது. அநீதியான போரில் அந்த ஆட்சிக்காக ஆயுதம் ஏந்துவது பாவம் என்று அவருக்குத் தோன்றியது. மீண்டும் அழைப்பு வந்தால் மறுத்துவிடுவது என்று உறுதி பூண்டார்.

இவ்விடத்தில்தான் நம் உள்ளம் நடுங்குகிறது. அவர் முதலில் தேடிச் சென்றது குருக்களைத்தான். தம்முடைய ஆயரைக் காண லின்ஸ் நகருக்கும் சென்றார். கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனார். அவர் பெற்ற அறிவுரை ஏறத்தாழ ஒரே தன்மையானது: உமக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்களைக் காப்பது உம் முதற்கடமை, போரின் நியாயம் அநியாயத்துக்கு ஆள்பவர்களே பொறுப்பு.

இது தீயவர்கள் சொன்ன சொல்லன்று. இரக்கமுள்ளவர்களும் அச்சமுள்ளவர்களும் சொன்ன சொல். பல்லாண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து செவிமடுக்கும் நாம் அந்த அருட்பணியாளர்களின் நிலையில் இருந்திருந்தால் வேறு என்ன சொல்லியிருப்போம்? நெஞ்சில் கைவைத்துக் கேட்டுப் பார்க்கிறோம். விடை எளிதாக வரவில்லை. குடும்பம் இறைவன் தந்த கொடை. அதனைக் காப்பது திருமண அருளடையாளத்தின் கடமை. ஆயினும் யேகர்ஸ்டேட்டர் கண்ட உண்மையும் மறுக்க முடியாதது. மனைவி மக்கள் இருப்பதால் மட்டும் ஒருவருக்குக் கடவுளின் கட்டளையை மீறும் உரிமை வந்துவிடாது. அன்புக்குரியவர்களைக் காரணம் காட்டித் தீமைக்குக் கையொப்பமிடும்போது, நாம் அவர்களைக் காப்பதில்லை. அவர்களையே நம் பாவத்துக்குப் பிணையாக்குகிறோம்.

அப்படியானால் பிரான்சிஸ்காவின் நிலை என்ன? அவரும் தொடக்கத்தில் கணவரின் மனத்தை மாற்றவே முயன்றார். ஆனால் சுற்றமும் ஊரும் ஒன்றுசேர்ந்து அவரோடு வழக்காடுவதைக் கண்டபோது, தாமும் விலகினால் அவருக்கு ஒருவரும் இல்லாமற் போவர் என்று உணர்ந்து அவர் பக்கம் நின்றார். இதை அவரே பிற்காலத்தில் எடுத்துரைத்திருக்கிறார். அன்றைக்கே அந்தச் சிலுவை இருவருடையதாயிற்று என்று சொன்னால் அது மிகையாகாது.

1943-ஆம் ஆண்டு மார்ச் மாதம் யேகர்ஸ்டேட்டர் படைமுகாமுக்குச் சென்று தம் மறுப்பைத் தெரிவித்தார். காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்ய அணியமாயிருப்பதாகக் கூறியதும் ஏற்கப்படவில்லை. லின்ஸ் நகரிலும் பெர்லினிலும் சிறைவைக்கப்பட்ட அவருக்கு ஜூலை 6-ஆம் நாள் மரணதண்டனை விதிக்கப்பட்டது. அதே மாதத்தில் பிரான்சிஸ்கா பங்குத்தந்தையுடன் பெர்லினுக்குச் சென்று கணவரைச் சிறிது நேரம் கண்டார். அதுவே கடைசிச் சந்திப்பு. ஆகஸ்டு 9-ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் யேகர்ஸ்டேட்டரின் தலை வெட்டப்பட்டது. அன்று அவர் எழுதிய கடிதத்தில், தம் பொருட்டு வீட்டார் படும் துன்பத்துக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தாம் சரியென்று கண்டதைச் செய்தவர், அதன் வலி யார்மீது விழும் என்பதை மறக்கவில்லை. செலவைக் கணக்கிட்ட சீடர் அவர்.

அவருடைய துன்பம் அன்று மாலையில் முடிந்தது. பிரான்சிஸ்காவின் துன்பம் அங்கேதான் தொடங்கியது. முப்பது வயதில் கைம்பெண்ணான அவர் மூன்று சிறுமிகளோடு நிலத்தில் உழைத்தார். கணவர் கெட்டதற்கு அவருடைய பக்தியே காரணம் என்று ஊரார் பழித்தனர். போரில் மாண்ட வீரர்களின் மனைவியருக்குக் கிடைத்த உதவித்தொகை 1950-ஆம் ஆண்டுவரை அவருக்குக் கிடைக்கவில்லை. 1946-ஆம் ஆண்டு யேகர்ஸ்டேட்டரைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட ஆயர் இசையவில்லை. பழியையும் மௌனத்தையும் தாங்கிய பிரான்சிஸ்கா, கணவர் விட்டுச்சென்ற கோயில்பிள்ளைப் பணியைத் தாம் ஏற்றுக்கொண்டார். தம்மை ஒதுக்கிய ஊரார் வழிபட வரும் அதே கோயிலில் அவர் பீடத்தை அணிசெய்தார். இதைவிட அரிய மன்னிப்பு எதுவென்று நமக்குத் தெரியவில்லை.

காலம் மெல்லத் திரும்பியது. 1964-ஆம் ஆண்டு கார்டன் சான் என்னும் அமெரிக்க அறிஞர் யேகர்ஸ்டேட்டரின் வாழ்வை நூலாக வெளியிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்போது, முன்பு நம் நாட்டில் பம்பாய் உயர்மறைமாவட்டத்தின் பேராயராக இருந்த தாமஸ் ராபர்ட்ஸ் சங்கத் தந்தையரின் கவனத்துக்கு அவரைக் கொண்டுவந்தார். மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுப்போரைச் சட்டங்கள் மனிதநேயத்தோடு நடத்த வேண்டும் என்னும் கருத்து, 1965-இல் வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 79-ஆம் பிரிவில் இடம்பெற்றது. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் யேகர்ஸ்டேட்டர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 94 வயதான பிரான்சிஸ்கா அவ்விழாவில் முன்வரிசையில் இருந்தார். 2013-ஆம் ஆண்டு தம் 100-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கணவரின் சாட்சியம் சில மாதங்களில் நிறைவுற்றது. மனைவியின் சாட்சியம் எழுபது ஆண்டுகள் நீண்டது.

அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் கொலைக்களத்துக்கு அழைக்கப்படுவதில்லை. ஆனால் கையூட்டு வாங்க மறுத்த அலுவலர் தொலைவூருக்கு மாற்றப்படும்போது, பிள்ளைகளின் பள்ளியை மாற்ற அலைபவர் அவருடைய மனைவி. வரதட்சணை கேட்க மாட்டேன் என்று மகன் உறுதியாய் நிற்கும்போது, உறவினரின் ஏச்சைக் கேட்பவர் தாய். ஊரின் சாதிக் கட்டுப்பாட்டுக்கு எதிராகத் தந்தை ஒரு சொல் சொன்னால், தெருவில் விளையாட ஆளின்றி நிற்பது குழந்தை. விலையைச் செலுத்துவோரின் பட்டியலில் இவர்களுடைய பெயர்களும் உண்டு. இவர்களைக் கலந்துகொள்ளாமல், இவர்களிடம் மன்னிப்புக் கேட்காமல், வீரம் மட்டும் பேசுவது முழுமையான சீடத்துவமாகாது.

பங்குச் சமூகத்துக்கும் இதில் கடமை உண்டு. சீரேனே ஊர்ச் சீமோன் ஆண்டவரின் சிலுவையைச் சுமந்தார் என்று எழுதும் மாற்கு, அவர் அலெக்சாந்தருக்கும் ரூபுவுக்கும் தந்தை என்பதையும் சேர்த்து எழுதுகிறார். அந்தப் பிள்ளைகளைத் தொடக்கத் திருச்சபை பெயர் சொல்லி அறிந்திருந்தது என்று மறைநூல் அறிஞர் கருதுவர். சிலுவை சுமந்தவரின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிந்த திருச்சபை அது. கொள்கைக்காக வேலையிழந்த ஒருவர் நம் பங்கில் இருந்தால், அவருடைய பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியுமா? அவ்வீட்டுக் கதவை இந்த மாதம் நாம் தட்டினோமா? மறைசாட்சிக்குப் பீடம் எழுப்புவது நல்லதே. அதற்கு முன்பாக, அவர் விட்டுச்சென்ற வீட்டில் ஒரு படி அரிசி அளந்து வைப்போம்.