நம்பர் அழிந்த சிரிஞ்சு

பெருமாள்மலைக்கு மேலே, கொடைக்கானல் ரோட்டோரத்தில் இருபது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 2021 மார்கழியில் ஒரு ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் ஒரு பையன் குனிந்து உள்ளே பார்த்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஸ்வெட்டர் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான்.

"அண்ணே, ரெண்டு எம்.எல். சிரிஞ்சு ரெண்டு குடுங்க."

யாருக்கு என்றேன். பாட்டிக்கு என்றான். சீட்டு எங்கே என்றேன். இன்சுலின் போடுகிற வீடுகளுக்குத் தினமும் சீட்டில்லாமல் சிரிஞ்சு எடுத்துக் கொடுக்கிறவன் நான். அவனிடம் மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் பையிலிருந்து ஒரு பழைய சிரிஞ்சை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான்.

"பாருங்கண்ணே, நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு. மூணு பேரு இதையேதான் போட்டுக்கிட்டு இருக்கோம்."

பார்த்தேன். அளவுக் கோடுகள் ஒன்றுகூட இல்லை, விரல் பட்டுப் பட்டு மங்கி வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. ஊசி முனையைத் தீப்பெட்டி ஓரத்தில் உரசித் தீட்டியிருந்தார்கள். அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

"எடுடா அதை. போலீசுக்குப் போன் போடவா?" என்றேன். கையில் வைத்திருந்த இருபது ரூபாயையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு போனான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலையில் பக்கத்து மருந்துக்கடைகள் இரண்டுக்கும் போய்ச் சொன்னேன். மூன்று கடையிலும் பொடிப்பயல்களுக்குச் சிரிஞ்சு கிடையாது என்று பேசி வைத்தோம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள், அங்கே பிடித்தார்கள், இங்கே பிடித்தார்கள் என்று பேப்பரில் அடிக்கடி வந்துகொண்டிருந்த சமயம். ஊரைக் காப்பாற்றிவிட்டதாக வீட்டில் பெருமையாகச் சொன்னேன். உண்மையில் நான் காப்பாற்றியது கடையின் பேரை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். டி.பார்ம். படித்தவன். ஒரே ஊசியை மூன்று பேர் போட்டால் எது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் என்பது முதல் வருஷப் பாடம். சிரிஞ்சைக் கொடுக்காவிட்டால் போதையை விட்டுவிடுவான் என்று நான் நம்பவும் இல்லை. அவன் எங்காவது போய்த் தொலையட்டும், என் கடை வாசலில் வேண்டாம் என்பதுதான் மனசில் இருந்தது.

தெரியாத ஒன்றும் இருந்தது. சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. கிருமி 42 நாள் வரைகூட உயிரோடு இருக்கலாம் என்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். வெக்கையில் சீக்கிரம் செத்துவிடும், குளிர்தான் அதைக் காப்பாற்றும். எங்கள் ஊர் மார்கழிக் குளிரில் அந்தப் பையனை அதே சிரிஞ்சோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதையெல்லாம் பிற்பாடு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என்னைப் போன்ற ஆட்களே எதிரே வந்தார்கள். 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மருந்துக்கடைக்காரர் போதைக்காரர்களுக்குச் சிரிஞ்சு விற்பதை நிறுத்தினார். மஞ்சள் காமாலை பரவிவிடும் என்று பயந்த போதைக்காரர்களின் சங்கமே நகராட்சியிடம் கேட்டு, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்க வைத்தது. எடின்பரோவில் அப்படி யாரும் முந்திக்கொள்ளவில்லை. அங்கே சிரிஞ்சு கிடைக்காமல் போன சில வருஷங்களில், ஒரு டாக்டர் தன்னிடம் வந்த ஊசிக்காரர்களைச் சோதித்தபோது பாதிப் பேருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தது. நம் நாட்டில் 2021 கணக்குப்படி ஊசி போடுகிறவர்களில் 100-க்கு 9 பேருக்கு இருக்கிறது. மற்ற ஜனங்களில் 1,000-க்கு இரண்டு பேர்.

போலீஸ் பேரைச் சொல்லி அவனை மிரட்டினேனே, சட்டம் என்ன சொல்கிறது? 2017-இல் வந்த ஹெச்.ஐ.வி. சட்டத்தின் 22-ஆம் பிரிவில் ஓர் உதாரணமே இருக்கிறது. பதிவு செய்த ஊசி மாற்றுத் திட்டத்தில் எக்ஸ் என்பவர் ஒய்யிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி தருகிறார். இருவர் மேலும் குற்றமில்லை. என் கடை அப்படிப் பதிவு செய்தது அல்ல. ஆனால் 1097-க்கு ஒரு போன் போட்டு இந்தப் பையனை எங்கே அனுப்பலாம் என்று கேட்டிருக்கலாம். அந்தத் திட்டம் நடக்கும் இடங்களில் ஊசியோடு புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறார்கள், நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் கொடுத்து ஊசியை விட வைக்கிறார்கள். பேச்சு தொடங்குவதற்கான ஊசி அன்றைக்கு என் கைக்கெட்டும் தூரத்தில், பெட்டி பெட்டியாக இருந்தது.

2023 ஆடியில் ஓர் அம்மா வந்து முந்தானையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தார். "தம்பி, எம் மகனுக்கு திண்டுக்கல் பெரியாஸ்பத்திரில குடுத்தாக. எதுக்குன்னு கேட்டா சொல்லமாட்டேங்கிறான்." லேபிளில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முப்பது மாத்திரை. அவர் முகத்தில் அந்தப் பையனின் கண்கள் இருந்தன. "நல்ல மாத்திரைம்மா. ஒரு நாள்கூட விடாம போடச் சொல்லுங்க" என்றேன். வேறெதுவும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நான் திருப்பி அனுப்பிய பிறகுதான் தொற்றியதா, அதற்கு முன்பேவா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு சில மாதம் தூங்கினேன். இப்போது முடியவில்லை. மற்ற இரண்டு பையன்கள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

இப்போது யார் கேட்டாலும் சிரிஞ்சு கொடுக்கிறேன். பழசைப் போட மூடியுள்ள டப்பாவும் வைத்திருக்கிறேன். அவன் என் கடைக்கு வருவதில்லை. அவனுக்குத் தேவையானதை அவன் அம்மாதான் வந்து வாங்குகிறார், மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் முடிந்துகொண்டு போகிறார். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் அன்றைக்குப் பேசி வைத்ததை இன்றும் மாற்றவில்லை. அவர்களிடம் இதையெல்லாம் நான் இன்னும் சொல்லவில்லை.