பில்லும் பிரேக்கும்

போன மாதம் அப்பாவின் காருக்கு பிரேக் வேலை பார்த்தோம். பில்லில் முன் பேட், பிரேக் ஆயில், லேபர் என்று மூன்று வரி. காசைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது!

"புது பேட் சார், ரெண்டு நாள்ல செட் ஆயிடும்" என்றார் மெக்கானிக்.

பாதி உண்மை. புது பேட் டிஸ்க்கில் படியக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும்தான். ஆனால் பெடல் பஞ்சாக இருந்தால், பெரும்பாலும் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அது தானாகச் சரியாகாது.

டப்பாவைப் பார்த்தேன். ஆயில் கறுப்பாகவே இருந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். மறுவாரம் நாங்கள் போகவிருந்ததோ 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கு. இறங்கும்போது ஆயில் கொதித்தால் பெடலை மிதித்தும் பயனில்லை.

அப்பா சண்டை போடவில்லை. "கழட்டின பேடைக் காட்டுங்க, ஆயிலை எங்க முன்னாடி மாத்துங்க" என்றார். பேட் நிஜமாகவே மாற்றியிருந்தார்கள். ஆயில்? பழசின் மேலேயே கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறக்க, டியூபில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. பெடல் கெட்டியானது.

இனி நான் பழைய பேடைக் கேட்பேன், ஆயில் நிறத்தைப் பார்ப்பேன், ஒரு சுற்று ஓட்டுவேன். காசு அதற்கப்புறம்தான்.