ஐப்பசிக்கு ஊரில் இருக்கணும்

செவ்வாய், வியாழன், சனி. இந்த மூன்று நாளும் நான்கு மணி நேரம் சென்னையில் ஒரு டயாலிசிஸ் கட்டிலில் கிடப்பேன். மற்ற நாட்களில் பிழைப்பு. நிறுவனங்களுக்குப் பத்திரிகைக் குறிப்பு, விளம்பர வாசகம், ஆண்டறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் இந்த வேலை கைவிடவில்லை. இடது கையில் ஊசி ஏறியிருக்கும்போதே வலது கையால் போனில் ஒரு வாசகத்தைத் திருத்தி அனுப்ப முடிகிறது. நோய் எடுத்துக்கொண்டது வேறொன்றை. ஐப்பசி மாதம் முழுக்க ராசிபுரத்தில் இருக்கும் வசதியை.

எங்கள் ஊர் நித்ய சுமங்கலி மாரியம்மனுக்கு ஐப்பசியில்தான் திருவிழா. பூச்சாட்டு, கம்பம் நடுதல், தீமிதி, தேர் என்று ஊரே கோயிலைச் சுற்றிக் கிடக்கும். மற்ற ஊர்களில் நோன்பு முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். அது அம்மனுக்குக் கணவன் என்பது ஐதீகம். எங்கள் ஊரில் கம்பம் வருஷம் முழுக்க அவள் எதிரிலேயே நிற்கும். அதனால்தான் அவள் நித்ய சுமங்கலி.

அந்தக் கூட்டத்தில்தான் நான் முதலில் மைக் பிடித்தேன். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. ரேடியோ செட்டுக்காரர் ஒருவரிடம் ஒயர் சுற்றப் போய், அவர் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு ராத்திரி பேச ஆரம்பித்தேன். வேலை சாமானியமில்லை. கோயில் வாசலில் ஒரு குழாய், கடைவீதியில் ஒரு குழாய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு குழாய். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். தூரத்துக் குழாயில் பேசுவது ஒரு விநாடி கழித்துத்தான் நம் காதுக்கு வரும். நிறுத்தாமல் பேசினால் முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் மோதி யாருக்கும் ஒன்றும் விளங்காது. “நீ பேசுனது உங்கிட்டத் திரும்பி வரட்டும் கண்ணு, அப்புறம் அடுத்தது பேசு” என்பார் அவர். பிள்ளை தொலைந்தால் அறிவிப்பு இப்படித்தான்: பச்சைச் சட்டை போட்ட பையன். ஒரு விநாடி விடு. பேர் கேட்டால் அழுகிறான். விடு. மைக் செட் பக்கம் இருக்கிறான், பெற்றவங்க வரவும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் அம்மா ஓடிவருவார். பையனைத் தூக்கி முதலில் முதுகில் ஒன்று வைப்பார், பிறகு கட்டிக்கொள்வார். எனக்குத் தெரிந்த மக்கள் தொடர்பு அது. பிறகு வந்த எந்த வாடிக்கையாளரும் அதற்கு மேல் ஒன்றும் கற்றுத் தரவில்லை.

திருவிழா இல்லாத மாதங்களில் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு சினிமாவுக்கும் ஜவுளிக் கடைத் தள்ளுபடிக்கும் பேசுவோம். ஆண்டகளூர் கேட் வரை போய்த் திரும்புவோம். வழியில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்கள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்ட தண்ணீரின் புளிப்பு வாடை ரோட்டுக்கு வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு இப்போது அந்த வாடை வேண்டும்.

கிழங்கைப் பற்றி இன்னொன்று. அதில் பொட்டாசியம் இருப்பதால் எனக்கு ஆகாது. இளநீரும் வாழைப்பழமும் ஆகாதவைதான். ஆனால் அதே கிழங்கு அரைபட்டு, தண்ணீரில் அலசி, மாவாகத் தெளிந்து ஜவ்வரிசியாக உருளும்போது பொட்டாசியத்தில் பெரும்பங்கு கழுவிப் போய்விடும். உணவு ஆலோசகர் பட்டியலில் ஜவ்வரிசிக்கு அனுமதி உண்டென்று பார்த்த அன்று மனசு நிறைந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய இறக்குமதி நின்றுபோன காலத்தில் சேலத்தில் பிறந்த தொழில். வடக்கே விரதக்காரர்களுக்குப் போகிற ஜவ்வரிசி, ராசிபுரத்தான் ஒருவனின் பத்தியத்துக்கும் ஆகிறது.

தண்ணீர்தான் கஷ்டம். எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள்ளேயே. தொண்டை வறண்டே இருக்கும். மைக் பிடிப்பவனுக்குத் தொண்டைதானே முதல். திருவிழா ராத்திரிகளில் பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பி வைத்துக்கொண்டு விடிய விடியப் பேசியவன், இப்போது பத்து நிமிஷம் போனில் பேசினால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை கட்டிலை விட்டு இறங்கினால் அடுத்தது செவ்வாய். வாரத்தில் நீண்ட இடைவெளி அதுதான். ஊருக்குப் போக முடிகிற நாட்களும் அந்த ஞாயிறும் திங்களும்தான். ஆனால் இந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதயம் சட்டென்று நின்றுபோகும் ஆபத்து அதிகம் என்கிறது மருத்துவம். அதனால் ஊரில் இருக்கும்போதும் கால் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒரு கண் உடம்பின் மேலேயே இருக்கிறது. பூச்சாட்டைப் பார்த்தால் தீமிதி இல்லை, தீமிதியைப் பார்த்தால் தேர் இல்லை.

நோயோடும் வேலையை விடாதவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ராசிபுரம் என்ற பெயரை முதலெழுத்தாகச் சுமந்த ஆர்.கே.லட்சுமண் மைசூரில் பிறந்தவர், மும்பையில் கார்ட்டூன் வரைந்தவர். 2003-இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்த பிறகும் வரைந்தார். எனக்கு இன்னும் நெருக்கமானவர் ஞாநி. 1978-இல் பரீக்‌ஷா நாடகக் குழுவைத் தொடங்கிய பத்திரிகையாளர். கடைசி ஆண்டுகளில் டயாலிசிஸ் செய்துகொண்டே எழுதினார், வீடியோவில் பேசினார். கே.கே.நகர் வீட்டுக் கிணற்றடியில் அவர் நடத்திய கேணி கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். எழுத்தாளர் ஒருவர் பேசுவார், யாரும் எதையும் கேட்கலாம். 2018 ஜனவரி 15-இல் காலமானார். உடலைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். நோயைச் சொல்லி அவர் எந்தச் சண்டையிலிருந்தும் ஒதுங்கவில்லை. கட்டிலில் கிடக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

நானும் சும்மா இல்லை. ஊர்ப்பக்கத்துத் தறிக்காரர்கள், மில் வேலைக்காரர்கள் வீட்டிலிருந்து போன் வரும். “ஏனுங்க, டயாலிசிஸ்னு சொல்லிட்டாங்க, என்னங்க பண்றது?” முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே வாங்குவது, டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவை ஏன் தள்ளிப்போடக் கூடாது, அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க ஏன் விடக் கூடாது என்றெல்லாம் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் என்னையறியாமல் ஒரு விநாடி விட்டுவிடுகிறேன். என் கை ஃபிஸ்டுலாவைக் காதோரம் வைத்தால், செட் போட்டதும் குழாயில் எழும் உர்ர் சத்தம் போலவே கேட்கிறது.

இப்போது ஊரில் ஆட்டோக்களில் பேசுவது பதிவு செய்த குரல். திருவிழாவில் மட்டும் இன்னும் ஆள் பேசுகிறார். காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தை முன்கூட்டியே பதிவு செய்ய முடியாதே.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கிறேன். கிடைத்தால் முதலில் என்ன செய்வாய் என்று வார்டில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அநேகமாக எல்லோரும் ஒரு சொம்புத் தண்ணீர் என்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு முன்னால் பூச்சாட்டிலிருந்து தேர் நிலை சேரும்வரை, நாளை எண்ணாமல், ஒரு முழு ஐப்பசி வேண்டும். மாற்று அறுவை முடிந்த முதல் மாதங்களில் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பார்கள். அதனால் அந்த ஐப்பசி இல்லாவிட்டால் அடுத்தது. அதுவரைக்கும் சேலத்தில் ஒரு வாரம் கட்டில் கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறேன். ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்று அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன். காலை ஷிப்டு கிடைத்தால் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விடலாம். செட்டுக்காரரின் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பிள்ளை தொலைந்த அறிவிப்பு மட்டும் எனக்கு விடச் சொல்லி.