லிஸ்ட்டைக் கீழேயிருந்து படிங்க!

காலேஜ் கடைசி வருஷம். கேம்பஸ் இன்டர்வியூ முடிந்த மறுநாள் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். செம கூட்டம். குள்ளமான எனக்கு, முன்னால் நின்ற ரெண்டு பேரின் தோளுக்குக் கீழே இருந்த இடுக்கில் லிஸ்ட்டின் கடைசிப் பகுதி மட்டும்தான் தெரிந்தது. சரி, கீழேயிருந்தே படிப்போம் என்று ஒவ்வொரு பெயராக மேலே போனேன். என் பெயர் வரவே இல்லை!

அன்றிலிருந்து எந்த லிஸ்ட்டைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது கடைசி வரிக்குத்தான். கோல்ஃப் எனக்குப் பிடித்துப்போனதும் இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால்தான்.

'கோல்ஃபா? பணக்கார அங்கிள்ஸ் தொப்பி போட்டுக்கிட்டு பேட்டரி கார்ல போய்ப் போய் அடிப்பாங்களே, அதுவா?' என்று சிரிக்காதீர்கள். நானும் அந்த மட்டையைக் கையால் தொட்டவன் இல்லை. வெறும் டி.வி. ரசிகன். ஆனால், அந்தப் பணக்கார ஆட்டத்துக்குள்ளே ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கிறது பாருங்கள், அதைத் தெரிந்துகொண்டால் நீங்களும் உட்கார்ந்து பார்ப்பீர்கள்.

கிரிக்கெட்டில் போர்டு சம்பளம் தரும். கோல்ஃபில் மாசச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல், பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற கேடிக்குக் கூலி... எல்லாம் ஆடுகிறவர் பாக்கெட்டிலிருந்து. போட்டி நாலு நாள். முதல் ரெண்டு நாள் ஆடியதும் 'கட்' என்று ஒரு கோடு போடுவார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் வெள்ளிக்கிழமை ராத்திரியே பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான். பொதுவாகக் கட் ஆனவருக்குப் பரிசுப் பணம் ஒரு பைசா கிடையாது.

இதைவிடப் பெரிய கோடு சீஸன் முடிவில். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூரில் வருஷம் பூரா எடுத்த பாயின்ட்டைக் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். 2018-ல் முதல் 125 பேருக்குத்தான் 'கார்டு', அதாவது அடுத்த வருஷம் டூரில் ஆட முழு உரிமை. 126 முதல் 150 வரை கண்டிஷனல். நம்ம ஊர் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் வைத்திருப்பது மாதிரி. யாராவது வரவில்லை என்றால் கூப்பிடுவார்கள். போனும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். 125-க்கும் 126-க்கும் திறமையில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

2018-ல் அந்தக் கோட்டுக்குக் கீழே போன ஒரு அயர்லாந்துக்காரர்தான் நம்ம ஹீரோ. பெயர், ஷேன் லோரி.

ஊர், ஆஃபலி கவுன்டியில் இருக்கும் கிளாரா. அப்பா பிரெண்டன் லோரி, 1982-ல் ஆஃபலி அணி ஆல் அயர்லாந்து கேலிக் ஃபுட்பால் கோப்பையை ஜெயித்தபோது அந்த டீமில் ஆடியவர். மகன் கோல்ஃப் பக்கம் வந்துவிட்டார். தாடி, கொஞ்சம் தொப்பை, யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் விளையாட்டு வீரர் என்று சத்தியமாக நம்ப மாட்டோம்.

இவருக்கு முதல் கார்டு கிடைத்ததே ஒரு சினிமாக் கதை. 2009 மே மாதம், பால்ட்ரேயில் ஐரிஷ் ஓபன். 22 வயசு லோரி அப்போது அமெச்சூர். கொட்டுகிற மழையில், ப்ளே ஆஃபில் ராபர்ட் ராக்கைத் தோற்கடித்துக் கோப்பையை ஜெயித்துவிட்டார். ஆனால், அமெச்சூர் பணம் வாங்கக் கூடாது. அதனால் முதல் பரிசு 5 லட்சம் யூரோ தோற்றுப்போன ராக் கைக்குப் போனது! லோரிக்குக் கிடைத்தது கோப்பையும், ஐரோப்பிய டூரில் ஆடுகிற உரிமையும்தான். கொஞ்ச நாளிலேயே புரொஃபஷனல் ஆகிவிட்டார். 5 லட்சம் யூரோ போனதை நினைத்து எனக்குத்தான் வயிறு எரிந்தது.

2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் மைதானத்தில் பிரிட்ஜ்ஸ்டோன் இன்விடேஷனல் போட்டியை ஜெயித்தார். உலகத்தின் பெரிய தலைகள் எல்லாம் ஆடிய போட்டி அது. அந்த வெற்றியால் பி.ஜி.ஏ. டூரில் மூணு வருஷத்துக்கு முழு உரிமை. 'அப்பாடா, செட்டில் ஆகிட்டான்' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், மூணு வருஷம் என்றால் 2018 சீஸனோடு தீர்ந்துபோகும். அதற்குள் இன்னொரு பெரிய வெற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் பாயின்ட்டாவது தேற வேண்டும்.

நடுவில் 2016 யு.எஸ். ஓபன், ஓக்மான்ட். மூணு ரவுண்டு முடிந்தபோது லோரி நாலு ஸ்ட்ரோக் முன்னிலை. கடைசி ரவுண்டில் 76 அடித்தார். டஸ்டின் ஜான்சன் ஜெயித்தார். லோரிக்கு இரண்டாம் இடம், அதையும் வேறு சிலரோடு பங்கு போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆட்டம் கையை விட்டுப் போக ஆரம்பித்தது. பிரிட்டனின் ஓபன் சாம்பியன்ஷிப்பில் 2015, 2016, 2017 என்று மூணு வருஷமும் கட். நாலாவது, 2018 ஜூலை, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. அங்கேயும் கட். அந்த வாரத்தில் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுததாக லோரியே பிறகு சொன்னார். கோல்ஃப் அப்போது தனக்கு நண்பனாக இல்லை, பாரமாக அழுத்தியது, ஆடவே பிடிக்கவில்லை என்றார்.

31 வயசு ஆம்பளை, கார் பார்க்கிங்கில் அழுகிறார். எனக்கு அந்த இடம் புரிந்தது. எனக்கு அன்று கிடைத்தது எங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடி, தண்ணி டேங்க் பின்பக்கம்.

அடுத்த மாதமே சீஸன் முடிந்து லிஸ்ட் வந்தது. 125-க்கு வெளியே! முழு கார்டு போச்சு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லோரி சோத்துக்கு வழியில்லாமல் தெருவுக்கு வந்துவிடவில்லை. ஐரோப்பிய டூர் இருந்தது. சம்பாதித்து வைத்ததும் இருந்திருக்கும். 'இவனுக்கெல்லாம் என்னடா கஷ்டம்?' என்று என் ரூம் மேட் கேட்டால் என்னால் முழுசாக மறுக்க முடியாது. ஆனால், நேற்று வரைக்கும் உள்ளே போய் வந்துகொண்டிருந்த கேட்டில் இன்று வாட்ச்மேன் 'யாரு நீங்க?' என்று நிறுத்தினால் வருகிற கூச்சத்துக்கும் பேங்க் பேலன்ஸுக்கும் சம்பந்தம் இல்லை.

2019 ஜனவரி. அபுதாபி. ஐரோப்பிய டூர் போட்டி. முதல் நாளே 62. கடைசி நாளில் தென் ஆப்பிரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டெர்ன் தாண்டிப் போய்விட்டார். ஏழு குழிகள் பாக்கி இருக்கும்போது லோரி நாலு ஸ்ட்ரோக் பின்னால். ஓக்மான்ட்டில் முன்னால் இருந்த அதே நாலு! இந்த முறை எட்டிப் பிடித்து, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். பிறகு அமெரிக்காவிலும் கிடைத்த வாய்ப்புகளை விடவில்லை. ஏப்ரலில் ஆர்.பி.சி. ஹெரிட்டேஜில் மூணாவது இடம், ஜூனில் கனடியன் ஓபனில் இரண்டாவது இடம்.

ஜூலையில் ஓபன். இந்த முறை இடம், வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ். 1951-க்குப் பிறகு அந்தத் தீவுக்கு ஓபன் வருவது அதுதான் முதல் தடவை. எல்லோரும் எதிர்பார்த்தது அந்த மண்ணின் செல்லப்பிள்ளை ரோரி மெக்கில்ராயை. அவர் முதல் நாள் முதல் குழியிலேயே எட்டு அடித்து, கடைசியில் ஒரே ஸ்ட்ரோக்கில் கட் ஆகிப் போனார். கூட்டத்தின் ஆசை முழுக்க லோரி பக்கம் திரும்பியது. சனிக்கிழமை 63. மூணு ரவுண்டுக்கும் சேர்த்து 197. ஓபன் வரலாற்றிலேயே 54 குழிகளுக்கு அவ்வளவு குறைவாக அதுவரை யாரும் அடித்ததில்லை. முன்னிலை எவ்வளவு தெரியுமா? அதே நாலு ஸ்ட்ரோக்!

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் லார்ட்ஸில் உலகக் கோப்பை ஃபைனல் முடிந்து, பவுண்டரி கணக்குப் பார்த்து கப்பைக் கொடுத்திருந்தார்கள். நம் ஆட்கள் அந்தச் சண்டையிலேயே இருந்தார்கள். நான் மட்டும் சவுண்டைக் குறைத்து வைத்துக்கொண்டு மழையில் கோல்ஃப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் குழியிலேயே வயிற்றைக் கலக்கியது. லோரியின் பந்து தாறுமாறாகப் போய், மணல் குழியிலும் விழுந்து, போகி போடவே ஒரு நல்ல பட் தேவைப்பட்டது. ஜோடியாக ஆடிய டாமி ஃப்ளீட்வுட்டுக்கோ பேர்டி வாய்ப்பு. அது போய், இதுவும் தவறியிருந்தால் நாலு ஒன்றாகியிருக்கும். ஃப்ளீட்வுட் தவறவிட்டார். லோரி போட்டுவிட்டார். நாலு, மூணு ஆனதோடு சரி. நான் சேரில் இருந்து எழுந்து நின்றது அப்போதுதான். கடைசிக் குழியில் கோப்பையைப் பார்த்து அல்ல!

காற்றிலும் மழையிலும் 72 அடித்து, ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் லோரி சாம்பியன். க்ரீனில் மனைவி, ரெண்டு வயசு மகள், அப்பா, அம்மா. பரிசுப் பணத்தைவிட என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. ஓபன் ஜெயித்தால் பி.ஜி.ஏ. டூரில் அஞ்சு வருஷத்துக்கு முழு உரிமை. கார்னூஸ்டி கார் பார்க்கிங்கிலிருந்து இங்கே வர ஒரே வருஷம்தான் ஆகியிருந்தது.

இதே அயர்லாந்தில் பால் டன் என்று ஒருவர். 2015 ஓபனில் அமெச்சூராக ஆடி, மூணு ரவுண்டு முடிவில் முன்னிலையைப் பகிர்ந்துகொண்டவர். 2017-ல் பிரிட்டிஷ் மாஸ்டர்ஸில் கடைசி நாள் 61 அடித்து, ரோரியையே பின்னுக்குத் தள்ளி ஜெயித்தவர். பிறகு ஃபார்ம் போனது, கையில் காயம், கார்டும் போனது. அவருக்கு ஒரு போர்ட்ரஷ் வரவில்லை. உழைப்பு குறைவு என்று யார் சொல்ல முடியும்?

இப்போது பி.ஜி.ஏ. டூரில் அந்தக் கோடு இன்னும் மேலே ஏறிவிட்டது. 2025 நவம்பரில் சீஸன் முடிந்தபோது முழு கார்டு முதல் 100 பேருக்குத்தான். லிஸ்ட் வந்த அன்று நானும் எடுத்துப் பார்த்தேன். முதலிடத்தில் யார் என்று பார்க்கவில்லை. 101-ல் யார் என்று தேடிப் பிடித்து, அவர் அந்த சீஸனில் எங்கெங்கே கட் ஆனார் என்று ஒவ்வொரு வாரமாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.