லாடம் கழற்றிய பிறகுதான் வேலை ஆரம்பம்



கொடைக்கானல் ஏரிச்சாலையில் குதிரை வைத்துப் பிழைக்கும் என் பழைய மாணவர் ஒருவரைப் பற்றிச் சென்ற மாதம் இரண்டு வரி எழுதியிருந்தேன். அவருடைய குதிரை ஒன்று இப்போது லாடம் இல்லாமல் நடக்கிறது என்று சொல்லியிருந்தேன். "லாடம் இல்லாமல் குதிரை எப்படி டீச்சர் நடக்கும்? பாவமில்லையா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பாடம். ஆசிரியர் புத்தி, விடாது.

உங்கள் கையை மேசைமேல் வையுங்கள். மற்ற விரல்களையெல்லாம் மடக்கிக்கொண்டு நடுவிரல் நுனியை மட்டும் ஊன்றுங்கள். குதிரை நிற்பது அப்படித்தான். ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரல். அந்த விரலைச் சுற்றி வளர்ந்த கெட்டியான நகம்தான் குளம்பு. முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்கிறோமே, அது உண்மையில் அதன் மணிக்கட்டு. முன்னூறு நானூறு கிலோ உடம்பு நான்கு நகங்களின் மேல் நிற்கிறது என்றால் அந்த நகத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்!

குளம்பைக் கல் என்று நினைக்கிறோம். அது கல் இல்லை. நம் நகம் போலவே மயிர்க்காலிலிருந்து கீழ்நோக்கி மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. முன்பக்கம் முழுதாகப் புதுக் குளம்பு வர ஏறக்குறைய 9 மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். காலைத் தூக்கி அடியில் பார்த்தால் சுற்றிலும் கெட்டியான சுவர், அதற்கு உள்ளே ஒரு வெளிர்ந்த கோடு, அதற்குள் அடித்தளம், நடுவில் ரப்பர் போல முக்கோணமாக ஒரு பகுதி தெரியும். இந்த முக்கோணத்தை ஆங்கிலத்தில் 'தவளை' என்றே அழைக்கிறார்கள். குதிரை காலை ஊன்றும்போது குளம்பின் பின்பக்கம் சற்றே விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. அதிர்ச்சியைத் தாங்குவதும், ரத்தத்தை மேலே தள்ள உதவுவதும் இந்த அசைவுதான்.

சுவரும் உள்ளே இருக்கும் எலும்பும் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் எலும்பு கீழே இறங்கும். அந்த வேதனையைக் குதிரையால் சொல்ல முடியாது. நிற்க முடியாமல் நிற்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் லாடம் எதற்கு? குளம்பு வளரும் வேகத்தைவிடத் தேயும் வேகம் அதிகமானால் லாடம் தேவைப்படுகிறது. ஈரத்திலேயே நிற்கும் குளம்பு மென்மையாகிவிடும். பாரம் இழுத்துக் கல்சாலையில் நாள் முழுதும் நடந்தால் தேய்ந்துவிடும். அங்கே இரும்பு உதவியது. ஆனால் ஆதியிலிருந்தே இப்படி இருக்கவில்லை. கிரேக்க நாட்டு செனபோன் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் குதிரை வளர்ப்பைப் பற்றி எழுதியபோது லாடத்தைப் பற்றிப் பேசவில்லை. குதிரையை நிறுத்தும் இடத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பினால் குளம்பு உறுதிப்படும் என்று யோசனை சொன்னார். ரோமர்கள் தேவைப்பட்டபோது கட்டி அவிழ்க்கும் இரும்புக் காலணி வைத்திருந்தார்கள். ஆணி அடிக்கும் லாடம் ஐரோப்பாவில் பரவலாகிச் சுமார் ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன.

நம் கால்த்தில், அமெரிக்காவில் லாடக்காரராக இருந்த ஜெய்மி ஜாக்சன் என்பவர் 1980களில் அங்கே காட்டில் திரியும் மஸ்டாங் குதிரைகளின் குளம்பைப் பின்தொடர்ந்து பார்த்தார். வறண்ட கரட்டு நிலத்தில் தினமும் பல மைல் நடக்கும் அந்தக் குதிரைகளின் குளம்பு தானே தேய்ந்து, விளிம்பு உருண்டு, உறுதியாக இருந்தது. 1992இல் அதைப் புத்தகமாக எழுதினார். வெறுங்குளம்பு முறை என்று இன்று பேசப்படுவதற்கு அந்த வேலை ஒரு பெரிய தொடக்கம்.

நம் ஊர் வரலாற்றிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து கப்பலில் வந்த விலையுயர்ந்த குதிரைகள் இங்கே கூட்டம் கூட்டமாகச் செத்துப்போனதைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கே லாடக்காரர்கள் இல்லை, வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள், செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்பது அவர் சொல்லும் காரணம். வேகவைத்த சோறும் இறைச்சியும் தீனியாகக் கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார். நரியைப் பரியாக்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் கஜானாவைக் கரைத்த அந்த உண்மைக் குதிரைகளின் காலையும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் மாணவர் கதைக்கு வருகிறேன்.

அவரிடம் இரண்டு குதிரைகள். பெட்டைக் குதிரை ராணி, ஆண் குதிரை ராஜா. போன வருடம் ஜூன் மாதம், சீசன் முடிந்த கையோடு, ராணி இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. கீழேயிருந்து மாதா மாதம் வந்துகொண்டிருந்த லாடக்காரருக்கு வயதாகி, முட்டி வலியால் மலையேறுவதை நிறுத்திவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. "லாடம் இன்னும் தேயலையே டீச்சர், அதான் விட்டுட்டேன்" என்றார். நான்கு மாதமாக அதே லாடம்.

இங்கேதான் நம்மில் பலருக்குப் புரியாத விஷயம் இருக்கிறது. லாடம் தேயாவிட்டாலும் உள்ளே குளம்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். இரும்பு இருப்பதால் தேயவும் வழியில்லை. முனை நீண்டு, பாரம் முழுதும் பின்னால் விழுந்து, லாடத்தின் நுனி குதிகாலை அழுத்தத் தொடங்கிவிடும். நான்காம் வகுப்பில் வாங்கிய செருப்பை ஆறாம் வகுப்பிலும் பிள்ளைக்கு மாட்டுவது போலத்தான். லாடம் கட்டிய குதிரைக்கும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தள்ளிப்போனால் எட்டு வாரத்துக்குள், லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவியே ஆகவேண்டும்.

கால்நடை மருத்துவர் வந்து லாடத்தைக் கழற்றினார். நடு முக்கோணம் கறுத்துப்போய்க் கெட்ட நாற்றம் அடித்தது. மருந்து கொடுத்தார். மறுபடி உடனே ஆணி அடிக்க வேண்டாம், அடுத்த சீசன் வரை வெறுங்குளம்பாக விட்டுப் பாருங்கள், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை சீவுங்கள் என்றார். ஆங்கிலத்தில் சில பக்கங்களும் கொடுத்தார். அதைத்தான் என் மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். "படிச்சுத் தமிழ்ல எழுதிக் கொடுங்க டீச்சர். லாடம் இல்லாம தார் ரோட்டுல விட்டா ஊரே என்னைத் திட்டும். ஒரு குதிரை நின்னா பாதி வருமானம் போச்சு."

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. மூன்று பிள்ளைகள். ஏப்ரல், மே இரண்டு மாதச் சம்பாத்தியத்தில்தான் வருடத்தில் பாதி ஓடுகிறது. ராணியை விற்றுவிடலாம் என்றுகூட ஒருவர் வந்து விலை பேசினார். நொண்டும் குதிரையை யார் எதற்கு வாங்குவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுதிக் கொடுத்தேன். அதோடு ஒரு நோட்டும் போட்டுக் கொடுத்தேன், வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி. எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள்தான் அதை நிரப்பினாள். நான் எழுதிக் கொடுத்தது இதுதான். உங்களில் குதிரை வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

ஒன்று. காலையும் மாலையும் நான்கு கால்களையும் தூக்கி, கொக்கியால் அழுக்கை எடுக்க வேண்டும். குதிகாலிலிருந்து முனையை நோக்கி எடுக்க வேண்டும், நடு முக்கோணத்தைக் குத்தக் கூடாது. நாற்றம், வெடிப்பு, சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு. கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்து நாடி பார்க்க வேண்டும். நன்றாக இருக்கும் குதிரைக்கு அந்த நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துள்ளித் துடித்தால் குளம்புக்குள் கோளாறு. அன்று வேலை இல்லை, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

மூன்று. நிற்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். மூத்திரமும் சாணியும் ஊறிய தரைதான் குளம்பின் முதல் எதிரி.

நான்கு. சீவும்போது, அடித்தளத்தைத் தாண்டி வளர்ந்திருக்கும் சுவரை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். விளிம்பை அரத்தால் உருட்டிவிட்டால் பிளக்காது. அழகாக இருக்கட்டும் என்று அடித்தளத்தைக் குடையக் கூடாது. அந்தத் தடிமன்தான் அதற்குச் செருப்பு.

ஐந்து. தீனி. தானியம் அதிகமானாலும் குளம்பின் உள்பிடி தளரும். ரொட்டி, மக்காச்சோளம் கூடாது. காய்ந்த புல்தான் முக்கியம்.

ஆறு. தினமும் நடத்த வேண்டும். முதலில் மண் பாதை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டித் தரை. முதுகில் ஆள் ஏற்றாமல்.

மருத்துவர் இரண்டு முறை சீவிக் காட்டினார். இடையில் வளரும் விளிம்பை அரத்தால் உருட்டும் வேலையை அவர் மனைவி கற்றுக்கொண்டார். கணவரைவிட அவர் கை பக்குவம் என்று மருத்துவரே சொன்னார். சோளம் சுட்டு விற்கும் கடையைச் சாயங்காலம் மூடிவிட்டு வந்து, ராணியின் காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சுலபமாக நடந்துவிடவில்லை. முதல் ஆறு வாரம் ராணி கூழாங்கல்லை மிதித்தாலே சுளித்தது. "இரும்பு இல்லாமக் கொடுமைப்படுத்துறான்" என்று ஏரிக்கரையில் பேசினார்கள். ஐப்பசி மழையில் அந்த நாற்றம் திரும்பி வந்தது. மறுபடி மருந்து போட்டு, தரையில் பலகை அடித்தார்கள். வருமானம் குறைந்த அந்த மாதங்களில் அவர் கட்டட வேலைக்குப் போனார்.

நோட்டில் மகள் மாதா மாதம் ஒரு அளவு குறித்திருந்தாள். மயிர்க்காலுக்குக் கீழே அரத்தால் லேசாக ஒரு கோடு போட்டு, அது எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேலில் அளப்பாள். மாதம் ஏழு, எட்டு மில்லிமீட்டர். மார்ச் மாதத்தில் அந்தக் கோடு முனைக்கு அருகில் வந்துவிட்டது. அதாவது, ராணி ஏறக்குறைய முழுதாகப் புதுக் குளம்பில் நின்றது. பழையதைவிட முனை குட்டை, குதிகால் அகலம். முனை முதலில் படாமல் குதிகால் முதலில் படும்படி நடந்தது. குதிகால் வலி போய்விட்டதற்கு அதுதான் அடையாளம். இந்த ஏப்ரலில் சிறு பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு மெதுநடையில் ஏரியைச் சுற்றியது. ஜல்லிச் சாலையில் இன்றும் அதை விடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாக் குதிரைக்கும் லாடத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். ராஜாவுக்கும் கழற்றிப் பார்த்தார்கள். அதற்கு அடித்தளம் தட்டை, மெல்லியது. மூன்று வாரமாகியும் தார்ச்சாலையில் கால் வைக்கத் தயங்கியது. மருத்துவர் முன்னங்கால் இரண்டுக்கும் லாடம் கட்டச் சொன்னார். திண்டுக்கல் பக்கமிருந்து ஒருவரை வரவழைத்துக் கட்டினார்கள். பின்னங்கால் வெறுங்குளம்பு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவுகிறார்கள். அதுவும் நன்றாகவே இருக்கிறது. ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மருந்து வேலை செய்யாது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததா?

லாடமா, வெறுங்குளம்பா என்பது இரண்டாவது கேள்வி. குளம்பைக் கடைசியாக எப்போது சீவினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. லாடத்தைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்தால் அது வெறுங்குளம்பு முறை இல்லை, செலவை மிச்சம் பிடித்தது. லாடத்தை அடித்துவிட்டு நான்கு மாதம் மறந்தாலும் அதே கொடுமைதான்.

எனக்கு இதில் பெரிய கவலை ஒன்று உண்டு. நம் ஊர் லாடக்காரர்கள் பெரும்பாலும் வண்டி மாட்டை நம்பித்தான் வாழ்ந்தார்கள். மாட்டை லாவகமாகச் சாய்த்து, கால்களைக் கட்டி, பிளவுபட்ட குளம்புக்கு இரண்டு இரண்டு தகடாக அடிப்பார்கள். குதிரை அவர்களுக்குக் கூடுதல் வேலை. டிராக்டரும் மினி லாரியும் வந்து மாட்டு வண்டி போனதும் அந்தக் கையும் போய்விட்டது. ஆனால் குதிரைகள் போகவில்லை. மலையில், கடற்கரையில், கல்யாண ஊர்வலத்தில் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் நகம் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சுற்றுலா போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏறுவதற்கு முன் அரை நிமிடம் குனிந்து காலைப் பாருங்கள். முனை நீண்டு வளைந்திருந்தால், சுவர் பிளந்திருந்தால், நடையில் தாங்கல் இருந்தால் ஏறாதீர்கள். குதிரைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். "அண்ணே, குளம்பு எப்போ சீவினீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு முன் அவர் சீவியிருப்பார். பெரியவர்கள் மட்டக்குதிரைமேல் ஏற வேண்டாம். பாசத்தில் பன்னும் பிஸ்கட்டும் ஊட்ட வேண்டாம்.

உங்கள் ஊரில் இன்னும் லாடம் கட்டுகிற, குளம்பு சீவுகிற பெரியவர் யாராவது இருந்தால் ஊர்ப் பெயரைக் கீழே எழுதுங்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படும் இளைஞர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். சேர்த்து வைப்பது என் வேலை. ஏற்கெனவே ஒரு ஆள் தயார். ராணியின் காலை மடியில் வாங்கும் அந்த அம்மாவுக்கு இன்னும் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.