கப்பலிற் காத்த மௌனம்

சென்ற கோடை விடுமுறையில் அறந்தாங்கியிலுள்ள என் அம்மான் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அம்மான் மறைந்து சில ஆண்டுகளாயின. அத்தை மட்டும் இருக்கிறார்கள். அவர்களுடைய மகள் வயிற்றுப் பேரன் உல்லாசக் கப்பலொன்றிற் பணியாளனாக இருப்பவன். அவனும் விடுப்பில் வந்திருந்தான். பேச்சினிடையே அவன், "பிரயாணிகளிடம் நகைமுகமாய்ப் பேசலாமாம், அவர்கள் அறையிற் பழகப் புகுந்தால் வேலை போய்விடுமாம். அன்பு கொள்வதும் ஒரு குற்றமா?" என்று வெதும்பினான். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை சிரித்தார்கள். அச்சிரிப்பிற்குக் காரணம் உண்டு.

எங்கள் பக்கத்தார்க்குக் கப்பற் பிரயாணம் புதிதன்று. பிழைப்பு நாடி மலேயாவுக்குச் சென்றோர் பலர் இங்கிருந்து புகைவண்டியேறித் திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் சேர்வர். அங்கே கப்பல் கரையை அணுகாது தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும்; படகிற் சென்றே அதிலேற வேண்டும். 1926-ல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல் நாற்பதாண்டுகட்கு மேலாகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய துறைகளுக்கிடையே ஓடியது. அறைக்குப் பணங்கொடுக்க இயலாத பெரும்பாலோர் தளத்திற் பாய் விரித்தே நாட்களைக் கழிப்பர்.

அத்தளத்துப் பிரயாணிகட்குச் சோறிடும் வேலையில் 1970-ல் இருந்தவர் என் அம்மான். ஒரு முறை பினாங்கு செல்லும் முதியவரொருவர் கடல்மயக்கத்தால் தலைதூக்க மாட்டாது கிடந்தார். உடனிருந்தவள் அவர் மகள் ஒருத்தியே. வேளைதோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த அம்மானின் உள்ளம் அப்பெண்ணிடம் சென்றது. ஆயினும் அவர் வாய் திறந்திலர்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. முன்னர் வேறொரு கப்பலில் அவருடன் வேலை செய்த தோழன் ஒருவன், ஒரு பெண்ணுக்கு மணவாக்குக் கொடுத்திருந்தான். அடுத்த பிரயாணத்தில் அவள் துறைமுகத்தில் வந்து காத்து நிற்க, அவனோ சமையற்கட்டிற்குள் ஒளிந்துகொண்டான். மாலை வரை அவள் நின்ற நிலையை அம்மான் தம் கண்ணாற் கண்டவர்.

பினாங்கில் இறங்குங்கால் முதியவரே அவருடைய ஊரும் பேரும் கேட்டார். தாமும் மணமேற்குடிப் பக்கத்தாரென்று கூறித் தம் விலாசத்தையும் தந்தார். அம்மான் ஊர் திரும்பித் தம் தாயிடம் உரைத்தார். பெரியோர் கடிதம் எழுதினர். 1972-ல் திருமணம் நடந்தது. அப்பெண்ணே எங்கள் அத்தை.

கல்லூரியிற் பயின்ற நாளில் இக்கதையைக் கேட்டு, அம்மானைக் கோழையென்றே எண்ணினேன். அன்று திண்ணையில் அத்தை சொன்னது என் எண்ணத்தை மாற்றிற்று.

"கப்பலிலே உன் தாத்தா ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் என்ன செய்திருப்பேன்? அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவருகிறவர் அவர். மாட்டேன் என்றால் மறுவேளை கஞ்சி வருமோ வராதோ என்ற பயத்திலே சொல்லுகிற 'சரி' ஒரு சரியா? சுற்றிலும் கடல், எழுந்து போக வழியேது?" என்றார்கள்.

கப்பல்களின் அவ்விதி அன்பிற்குப் பகையென்றே யானும் அதுவரை கருதியிருந்தேன். மறுத்துவிட்டு அகன்று செல்ல இடமில்லாதவரிடம் விருப்பங் கேட்டலாகாது என்பதே அதன் உட்பொருளென அன்று உணர்ந்தேன். பிறர்க்கு உணவோ மருந்தோ மதிப்பெண்ணோ அளிக்கும் நிலையிலுள்ள யாவர்க்கும் இது பொருந்தும்; முப்பதாண்டு ஆசிரியனாயிருந்த எனக்கும் பொருந்தும்.

பேரன் சற்றுநேரம் வாளா இருந்தான். பின்பு, "கரை சேர்ந்த பிறகு, அம்மாச்சி?" என்றான்.

"அதன்பின் அவளுக்கு நடந்து போக வழியிருக்கிறது. போகாமல் நின்றாளானால் பேசு," என்று கூறி, அத்தை வெற்றிலைப் பெட்டியை மூடினார்கள்.

ரஜூலா 1970-களிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. அம்முதியவர் தம் கையால் விலாசம் எழுதித் தந்த காகிதம் மட்டும் அப்பெட்டியின் அடியில் இன்னும் இருக்கிறது.