நேரம் பார்த்து நாய் எடுங்கள்

"அண்ணே, எந்த ரகம் சீக்கிரம் கத்துக்கும்?" கிள்ளானிலிருந்து அழைத்தாலும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அழைத்தாலும் முதல் கேள்வி இதுதான். நாய்களுக்குப் பயிற்சி தருவது என் தொழில். நான் திருப்பிக் கேட்பது வேறு: "காலையில எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுறீங்க? எத்தனை மணிக்குத் திறக்குறீங்க?" கிள்ளானில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர்கள் பலர் விடியுமுன் கிளம்பி, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, இருட்டிய பிறகுதான் வீடு சேர்கிறார்கள். அந்த வீட்டில் இரண்டு மாதக் குட்டி பகல் முழுக்கத் தனியே கிடந்தால், எவ்வளவு புத்திசாலி ரகமானாலும் அழும், குரைக்கும், கதவைப் பிறாண்டும். பகலில் வீட்டில் ஆள் உண்டா என்று தெரிந்த பிறகே ரகத்தைப் பற்றிப் பேசுவேன்.

நம் தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்தபோது இந்தக் கவலையெல்லாம் இல்லை. நாய் வாசலில் படுத்திருக்கும், பால்மரக் காட்டுக்குப் பின்னாலேயே வரும், அந்நியரைக் கண்டால் குரைக்கும். குரைப்புதான் அதன் வேலை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தோம். நாய்ப் பாசமும் கூடவே வந்துவிட்டது, வாசல்தான் வரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் அறிவிப்புக் கொடுத்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். மூன்று நாளில் ஒரு நாய்க்குப் புது வீடு எங்கே கிடைக்கும்? இந்த ஊரில் பயிற்சியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். பழக்கிய நாய் வீட்டில் இருக்கும். பழக்காத நாய் காப்பகத்துக்குப் போகும், அல்லது தெருவுக்கு.

கற்கும் திறனுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஸ்டான்லி கோரன், கீழ்ப்படிதல் போட்டி நடுவர்கள் சுமார் 200 பேரிடம் கேட்டு, 1994இல் வெளியிட்ட நூலில் ரகங்களை வரிசைப்படுத்தினார். பூடில் இரண்டாவது, ஷெட்லாண்ட் ஷீப்டாக் ஆறாவது, பாப்பியோன் எட்டாவது, மினியேச்சர் ஸ்னாசர் பன்னிரண்டாவது. ஷி சூ, சிவாவா, பெகிங்கீஸ் எல்லாம் பட்டியலின் கீழ்ப்பகுதியில். முதல் வரிசை நாய்கள் புதுக் கட்டளையை ஐந்து முறைக்குள் பிடித்துக்கொள்ளும்; கடைசி வரிசைக்கு எண்பது, நூறு முறைகூட வேண்டியிருக்கும். பட்டியல் தவறில்லை. ஆனால் அது காட்டுவது, மனிதன் சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் வேகத்தை மட்டுமே. வேகமாகக் கற்கும் நாய் வேண்டாததையும் அதே வேகத்தில் கற்கும். ஒருமுறை குரைத்ததும் பிஸ்கட் கிடைத்ததென்றால் டாய் பூடில் அதை மறக்கவே மறக்காது.

நம் வெயிலையும் பார்க்க வேண்டும். இங்கே பகலில் 33 பாகை சாதாரணம், அதோடு புழுக்கம். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். பக், பிரெஞ்சு புல்டாக், ஷி சூ போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அந்த வழி பிறவியிலேயே குறுகல். குளிரூட்டி ஓடும் வீட்டில், அதிகம் நடக்காத முதியவருக்கு ஷி சூ அருமையான துணை. மடியில் கிடக்கும், மெதுவாகக் கற்றாலும் முரண்டு பிடிக்காது. மாலை வெயிலில் பூங்காவில் ஓட ஆசைப்படும் குடும்பத்துக்கு அது சரிப்படாது. ஜேக் ரஸ்ஸல் இதற்கு நேர் எதிர். அதன் ஓட்டத்துக்கு ஈடு கொடுக்க வீட்டில் ஓர் ஓட்டக்காரர் வேண்டும். டாக்ஸ்ஹண்டின் நீண்ட முதுகு படிக்கட்டைத் தாங்காது, மின்தூக்கி அடிக்கடி பழுதாகும் கட்டடத்தில் இருப்பவர்கள் இதை யோசியுங்கள்.

என்னைக் கேட்டால், நம் அடுக்குமாடிகளுக்கு மினியேச்சர் ஸ்னாசரும் டாய் பூடிலும்தான். இரண்டுக்கும் முடி அதிகம் உதிராது. ஆனால் உதிராத முடி வளரும், வளர்ந்தால் சிக்கும். பூடிலின் காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும் விரலை விட்டுப் பாருங்கள். மேலே பஞ்சாகத் தெரிவது உள்ளே கம்பளம் போல் கட்டிக்கிடக்கும். தோலை இழுத்து வலிக்கும், தொட்டால் உறுமும், "கடிக்கிற நாய்" என்று பெயர் வாங்கும். தினமும் சீப்பும், மாதம் ஒருமுறை முடி வெட்டும் செலவும் முடியுமென்றால் மட்டும் பூடில் எடுங்கள். ஸ்னாசர் எலி பிடிக்க வளர்த்த ஜெர்மானிய ரகம். துணிச்சலும் உண்டு, குரலும் உண்டு. கொழுப்பு அதற்கு ஆகாது, கணையம் வீங்கும். தீபாவளிக்கு ஆட்டிறைச்சிக் குழம்பில் ஒரு துண்டு என்று செல்லம் கொடுப்பவர்கள் அந்தக் கையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

ரகத்தைவிடப் பெரிது, குட்டி எந்த வயதில் எதைப் பார்த்தது என்பது. இதில் நம் நாட்டு நாய் ஒன்றுக்கும் தொடர்பு உண்டு. பகாங்கின் தெலோம் ஆற்றுப் பகுதியில் ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த சிறிய நாய் தெலோமியான். கால்தூண் வீடுகளின் ஏணியில் ஏறி இறங்கப் பழகியது. ஓர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் 1963இல் அவற்றில் ஒரு ஜோடியை அமெரிக்காவின் பார் ஹார்பரில் இருந்த ஆய்வாளர் ஜான் பால் ஸ்காட்டுக்கு அனுப்பினார். அதே ஸ்காட்தான் ஜான் ஃபுல்லருடன் சேர்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், குட்டியின் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலமே அதன் மனத்தை உருவாக்குகிறது என்று காட்டினார். இன்றும் பயிற்றுநர்கள் அந்த ஆய்வில்தான் நிற்கிறோம்.

அந்த வாரங்களுக்குள் தடுப்பூசிகள் எல்லாம் முடிந்திருக்காது, தரையில் விட்டால் பார்வோ வைரஸ் தொற்றும் ஆபத்து. அதனால் கையில் தூக்கிக்கொண்டு போகச் சொல்வேன். பிரிக்பீல்ட்ஸ் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை, பாட்டுச் சத்தம், பேருந்து. மேலே மோனோரயில் கடக்கும் இரைச்சல். ரயில் சத்தம் கேட்டதும் குட்டியின் காது நிமிரும். பயந்து நடுங்குமுன், காது நிமிர்ந்த அந்த நொடியிலேயே வாயில் ஒரு சின்னத் தீனி போட வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. சில நாளில் ரயில் வந்தால் குட்டி உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்புறம் பட்டாசும் இடியும் பாதி பழகின மாதிரிதான்.

நடக்கத் தொடங்கியதும் முதல் பாடம், நடைபாதையின் மஞ்சள் மேடுப் பட்டையை விட்டு விலகி நிற்பது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பகுதி பிரிக்பீல்ட்ஸ். வெள்ளைத் தடியோடு அந்தப் பட்டையைத் தடவி வருபவர்கள் தினமும் உண்டு. அவர்கள் காலில் கயிறு சிக்கக் கூடாது. மின்தூக்கியில் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு மூலையில் நில்லுங்கள். முஸ்லிம் அண்டை வீட்டார் உள்ளே இருந்தால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மண் கலந்த நீர் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும். நாம் ஒரு நிமிடம் நிற்பதில் என்ன குறைந்துவிடும்? அண்டை வீட்டார் முகம் சுளிக்காதவரைதான் உங்கள் நாய்க்கு அந்த வீட்டில் இடம்.

கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் குட்டியை மட்டும் பார்க்காதீர்கள். அம்பாங்கிலுள்ள எஸ்.பி.சி.ஏ. சிலாங்கூர், சுபாங்கிலுள்ள பாஸ் (PAWS) ஆகிய காப்பகங்களுக்கும் போய் வாருங்கள். கட்டுக்கு அடங்கிய சின்னக் கலப்பின நாய்கள் அங்கும் வருகின்றன. வளர்ந்த நாய் என்றால் அதன் அளவும் குணமும் கண்முன்னே தெரியும், குட்டியில் அது ஊகம்தான். எங்கே போனாலும் முதல் நாள் பணம் எடுத்துப் போகாதீர்கள். அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். சாவிக்கொத்தைக் கீழே போட்டால் திடுக்கிட்டுவிட்டுத் திரும்பி வந்து முகர்ந்து பார்க்கும் நாய் பழகும். மூலைக்கு ஓடி வெளியே வராத நாய்க்குப் பொறுமையும் அனுபவமும் உள்ள வீடு வேண்டும்.

குடியிருப்பு நிர்வாகத்திடம் அனுமதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூரில் மாநகர் மன்றமான டி.பி.கே.எல்., கிள்ளானில் அரச மாநகர் மன்றம் தரும் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். சின்ன ரக நாய் பதினான்கு, பதினைந்து ஆண்டு வாழும். இன்று ஐந்து வயது மகள் கேட்கிறாள் என்று வாங்கும் பூடில், அவள் பல்கலைக்கழகம் போகும்போதும் வீட்டில் இருக்கும். அன்று அதைக் குளிப்பாட்டி, சீவி, நடத்திக் கூட்டிப் போவது யார் என்று குட்டி வருமுன்பே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.